சுருக்கி வைத்த டிஸ்க்கைத் திறக்கப் போகும் பிள்ளைக்கு

பிள்ளை, எம்பிலிப்பிட்டிய டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்கு இன்று வருவதெல்லாம் போனும் லேப்டாப்பும்தான். ஆனாலும் எப்போதாவது இறக்குவானைப் பக்கமிருந்தோ காவத்தைப் பக்கமிருந்தோ, உரச் சாக்கில் சுற்றிய பழைய பெட்டி ஒன்று பஸ்ஸில் வந்து இறங்கும். 386 அல்லது 486. உள்ளே நூறு, இருநூறு மெகாபைட் ஹார்ட் டிஸ்க். தூசி தட்டி மேசையில் வைக்கிற ஆளின் முகத்தைப் பார்த்தால் தெரியும், அவர் தேடி வந்தது கம்ப்யூட்டரை அல்ல என்று.

அந்தக் காலத்து டிஸ்க்குகளில் பலவற்றை டபுள்ஸ்பேஸ், டிரைவ்ஸ்பேஸ், ஸ்டாக்கர் என்ற புரோகிராம்களால் சுருக்கி வைத்திருப்பார்கள். இடம் போதாத காலம். டிஸ்க்கின் விலையோ கைக்கு எட்டாதது. சுருக்கிய டிஸ்க் ஒன்று பழுதானால் அதைத் திருத்துவது தனி வேலை. நீ அதைத் தொடங்குகிறாய், நான் நிறுத்தப் போகிற வயதில் இருக்கிறேன். பிழைத்த டிஸ்க்குகளையும் பிழைக்காதவற்றையும் பார்த்து வந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும்: பழுதால் அழிந்ததைவிட, திருத்த வந்தவரின் அவசரத்தால் அழிந்ததே அதிகம். அதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ளவற்றை எழுதுகிறேன்.

1. டிஸ்க்கைத் தொடமுன் ஆளை உட்கார வை. என்ன வேண்டும் என்று கேள். "எல்லாம் வேண்டும்" என்பார்கள். ஆறுதலாக இன்னொரு தரம் கேள்; உண்மையில் வேண்டியது அப்போது வெளியே வரும். ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் அப்படித்தான் வந்தார். நெடுநேரம் கதைத்த பிறகு சொன்னார், தேடுவது 1994, 95ஆம் ஆண்டுச் செக்ரோல், அதாவது வேலைநாள் சம்பளப் பதிவேடு, என்று. கொழுந்து பறித்த ஒரு பெண்ணின் சேமலாப நிதிக் கணக்கில் அந்த இரண்டு ஆண்டும் விடுபட்டிருந்தன. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி பெண்கள் ஐம்பது வயதில் அந்தப் பணத்தை எடுக்கலாம். பதினெட்டு வயதில், 93இல், பேர் பதிந்த பிள்ளைகள் இப்போதுதான் அந்த வயதைத் தொட்டிருக்கிறார்கள். சேவைக்காலப் பணமும் ஆண்டுக் கணக்குத்தான்: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பதினான்கு நாள் சம்பளம் என்கிறது. இரண்டு ஆண்டு என்றால் இருபத்தெட்டு நாள் சம்பளம். லயத்தில் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு அது என்ன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1992இல் தோட்டங்களை அரச கூட்டுத்தாபனங்களிடமிருந்து கம்பெனிகள் பொறுப்பேற்றன, பேரேடுகளும் கைமாறின. அதையொட்டிய ஆண்டுகளைத்தான் இன்று அதிகம் தேடுகிறார்கள். எதைத் தேடுகிறாய் என்று தெரிந்தால் டிஸ்க் முழுவதையும் மீட்கத் தேவைப்படாமல் போகலாம். இரண்டு கோப்புகளோடு வேலை முடிந்துவிடலாம்.

2. பார்த்தவுடன் கரண்ட் கொடுக்காதே. இதில்தான் புதியவர்கள் எல்லோரும் வழுக்குவார்கள். கொண்டுவந்தவர் ஆவலோடு பார்த்துக்கொண்டிருப்பார், "ஒருக்கா ஓட விட்டுப் பார்ப்பமே" என்பார். அந்த ஆவலுக்கு நீ இடம் கொடுக்கக் கூடாது. முதலில் மூடியைத் திற. தாய்ப்பலகையில் பீப்பாய் வடிவப் பேட்டரி ஒட்டியிருக்கிறதா பார். அந்த நிக்கல் கேட்மியம் பேட்டரிகள் காலம் போகக் கசியும்; கசிந்தது செம்புக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும். எங்கள் சப்ரகமுவ ஈரத்தில் அரிப்பு நிற்பதேயில்லை. அப்படி அரித்த பலகையோடு டிஸ்க்கை இணைத்து வைக்காதே, கழற்றி எடு. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடு. சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண்கள் அதில் இருக்கும். சிமோஸ் பேட்டரி செத்திருந்தால் அந்தப் பெட்டிக்குத் தன் டிஸ்க்கின் அளவே மறந்திருக்கும். இந்த மூன்று எண்களையும் நீதான் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிழையான எண்ணைக் கொடுத்தால் டிஸ்க்கில் தப்பான இடங்கள் வாசிக்கப்படும், "எல்லாம் குழம்பிப் போச்சு" என்று நீ நினைப்பாய். குழப்பம் நீ கொடுத்த எண்ணில் இருக்கும், டிஸ்க்கில் இராது. ஆனால் அந்த நிலையில் யாராவது எதையாவது எழுதிவிட்டால் குழப்பம் டிஸ்க்குக்குள்ளும் போய்விடும்.

3. நீ தொடுவது என்ன என்று முழுதாக விளங்கிக்கொள். இது கொஞ்சம் நீளும், பொறு.

சாதாரண டிஸ்க்கில் கோப்புகள் கோப்புகளாகவே கிடக்கும். சுருக்கிய டிஸ்க்கில் அப்படியில்லை. உண்மையான டிஸ்க்கில் மறைத்து வைத்த மிகப் பெரிய கோப்பு ஒன்று இருக்கும். சி டிரைவ் என்று நீ பார்ப்பதெல்லாம் அந்த ஒற்றைக் கோப்புக்குள் இருக்கும். டபுள்ஸ்பேஸாலோ டிரைவ்ஸ்பேஸாலோ சுருக்கியது என்றால் அதன் பெயர் டிபிஎல்ஸ்பேஸ்.000 அல்லது டிஆர்விஸ்பேஸ்.000. உண்மையான டிஸ்க் எச் போன்ற வேறோர் எழுத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும்.

பெயர் ஏன் இரண்டு? மைக்ரோசாஃப்ட் 1993 மார்ச்சில் எம்எஸ்-டாஸ் 6.0ஐ வெளியிட்டபோது டபுள்ஸ்பேஸை அதோடு சேர்த்துக் கொடுத்தது. தகவல் இழந்தோம் என்று பலர் முறையிட, அதே ஆண்டு நவம்பரில் 6.2 வந்தது. ஸ்கேன்டிஸ்க் அதில்தான் முதலில் வந்தது. ஸ்டாக்கர் என்ற புரோகிராமைச் செய்த ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி, மைக்ரோசாஃப்ட் தன் காப்புரிமையை மீறியதாக வழக்குப் போட்டது. 1994 பெப்ரவரியில் நடுவர் குழு அதற்கு 120 மில்லியன் டொலர் கொடுக்கச் சொன்னது. எதிர்வழக்கில் மைக்ரோசாஃப்டுக்கு 13.6 மில்லியன் கொடுக்கச் சொன்னது. அதன்பின் வந்த 6.21இல் சுருக்கும் வசதியே இல்லை. ஜூனில் வந்த 6.22இல் வேறு முறையில் எழுதிய டிரைவ்ஸ்பேஸ் வந்தது. நீதிமன்றக் கதையாகத் தோன்றினாலும் உன் மேசைக்கு இது தேவை: மறைந்த கோப்பின் பெயரைப் பார்த்தால் எந்தப் பதிப்பு, எந்தக் காலம், எந்தக் கருவி பொருந்தும் என்று கணித்துவிடலாம். விண்டோஸ் 95க்கான பிளஸ் பொதியோடு டிரைவ்ஸ்பேஸ் 3 வந்தது. அதனால் சுருக்கியதை 6.22 திறக்காது. விண்டோஸ் 95 டபுள்ஸ்பேஸையும் டிரைவ்ஸ்பேஸையும் திறக்கும். என்டி, 2000, எக்ஸ்பி எதுவும் இவற்றைத் திறக்காது.

சுருக்குவது எப்படி என்றால், முன்பு வந்த எழுத்துத் தொடர் மறுபடி வரும்போது அதைத் திரும்ப எழுதாமல், "இத்தனை எழுத்துக்கு முன்னால் வந்ததே, அதில் இத்தனை எழுத்து" என்று குறித்துவிடுவது. ஆபிரகாம் லெம்பலும் யாக்கோப் சிவும் 1977இல் வெளியிட்ட முறை. செக்ரோல் அதில் அழகாகச் சுருங்கும். ஒரே பெயர்கள், ஒரே தேயிலை மலை இலக்கங்கள், நாள்தோறும். ஏற்கனவே சுருக்கிய படமும் சிப் கோப்பும் சுருங்காது.

இந்த முறையிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. சுருக்காத எழுத்துக் கோப்பில் ஒரு செக்டர் பழுதானால் 512 பைட் போகும். மேலும் கீழும் வாசிக்கலாம். சுருக்கியதில் எட்டு கிலோபைட் ஒரு கட்டாக இருக்கும். கட்டின் நடுவில் பழுது வந்தால் அதற்கு முன்னால் உள்ளதைத்தான் விரிக்கலாம். பின்னால் உள்ளது தன் முன்னோடியைத் தேடித் தவிக்கும். எந்தக் கட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம் என்று சொல்லும் அட்டவணை ஒன்றும் உள்ளே உண்டு, எம்டிஃபேட் என்பார்கள். எந்த செக்டர் நிரம்பியது, எது காலி என்று சொல்வது பிட்ஃபேட். பிட்ஃபேட் கெட்டால் எம்டிஃபேட்டை வைத்துத் திரும்பக் கட்டலாம். எம்டிஃபேட் கெட்டால் அப்படிக் கட்ட ஆதாரம் இல்லை. சாதாரண டாஸ் டிஸ்க்கில் கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை இரண்டு பிரதி இருக்கும். சுருக்கிய கோப்புக்குள் உண்மையில் எழுதியிருப்பது ஒன்றே ஒன்றுதான். அதனால்தான் சொல்கிறேன், இந்த டிஸ்க்கில் கை வைக்கும்போது சாதாரண டிஸ்க்கில் வைக்கிற தைரியத்தோடு வைக்காதே.

4. "ஒன்றுமில்லை" என்று சொல்ல அவசரப்படாதே. பழைய டாஸ் 5 பிளாப்பியால் பெட்டியைத் தொடக்கினால் சி டிரைவில் இரண்டு மூன்று சின்னக் கோப்புகள் மட்டும் தெரியும். சுருக்கிய கோப்பு மறைவாகக் கிடக்கும். இதைப் பார்த்துவிட்டு ஒரு கடையில் "எல்லாம் அழிஞ்சுட்டு, புதுசா ஃபார்மட் பண்ணித் தாறன்" என்று சொல்லியிருந்தார்கள். நல்ல காலம், அந்த மனுஷி சம்மதிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறைந்த கோப்புகளையும் காட்டச் சொன்னதும் அது அங்கே இருந்தது, முழுதாக. பிளாப்பிக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்றைய விண்டோஸில் இணைத்தாலும் இதே கதைதான். இன்னும் மோசம், சில வேளை "ஃபார்மட் செய்யவா?" என்று அதுவே கேட்கும்; கேட்காமலே தன் கோப்புறை ஒன்றையும் டிஸ்க்கில் எழுதி வைக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஓர் ஆபிஸில் இடம் காணவில்லை என்று எச் டிரைவைத் திறந்து பார்த்த பையன், பெரிய கோப்பு ஒன்று சும்மா கிடக்கிறதே என்று மறைவை நீக்கி அழித்துவிட்டான். சி டிரைவ் முழுவதும் ஒரே நொடியில் போயிற்று. அவன் பயந்து உடனே கரண்டை நிறுத்தினான். அந்தப் பயம்தான் காப்பாற்றியது. டாஸ் ஒரு கோப்பை அழிக்கும்போது பெயரின் முதல் எழுத்தை மாற்றி, இடத்தைக் காலி என்று குறிக்கும், உள்ளடக்கத்தைத் துடைக்காது. அதன்மேல் வேறெதுவும் எழுதப்படவில்லை என்றால், இவ்வகைக் கோப்பு பெரும்பாலும் ஒரே தொடராகக் கிடப்பதால், தொடக்கத்தைக் கண்டுபிடித்து வெட்டி எடுக்கலாம். கோப்பின் தலையில் எம்எஸ்டிஎஸ்பி என்று தொடங்கும் அடையாளம் இருக்கும், அதைத் தேடு. பெயரைப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. அந்தப் பையனை நான் ஏசவில்லை. நீயும் யாரையும் ஏசாதே. ஏச்சு வாங்கியவர் அடுத்த தடவை நடந்ததை மறைப்பார். நடந்தது முழுதாகத் தெரியாமல் நீ மீட்க முடியாது.

5. எப்படிக் கெட்டது என்று கேட்டு எழுதிவை. கேட்காமலே பாதி தெரியும், கரண்ட். சமனலவெவ அணை எங்கள் மாவட்டத்திலேயே வளவை ஆற்றின் மேல் 1992இல் வந்தது, 120 மெகாவாட். இருந்தும் 1996 வறட்சியில் நாட்டின் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளில் பல மணி நேரம் இருண்டு கிடந்தோம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி வேறு. டாஸ் 6.0இல் ஸ்மார்ட்டிரைவ் என்ற புரோகிராம், டிஸ்க்கில் எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் நினைவகத்தில் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு எழுதும். வேலை முடிந்தது என்று திரை சொல்லும், உண்மையில் முடிந்திருக்காது. அந்த நேரம் கரண்ட் போனால், அல்லது ஆள் பெட்டியை நிறுத்திவிட்டால், அட்டவணை ஒரு நிலையிலும் உள்ளடக்கம் இன்னொரு நிலையிலும் நின்றுவிடும். டபுள்ஸ்பேஸின் மேல் விழுந்த பழியில் ஒரு பங்கு இதனுடையது. இப்படிக் கெட்டதும், டிஸ்க்கின் மேற்பரப்பே தேய்ந்து கெட்டதும் வேறு வேறு நோய். முன்னதில் டிஸ்க் நலமாக இருக்கும், நீ ஆறுதலாக வேலை செய்யலாம். பின்னதில் ஒவ்வொரு வாசிப்பும் அதன் ஆயுளைக் குறைக்கும். ஆகவே "கரண்ட் போனதா, சத்தம் வந்ததா, எப்ப கடைசியா ஓடிச்சு" என்ற மூன்று கேள்வியை விடாதே.

6. முதலில் பிரதி எடு. பிரதி எடுக்காமல் ஒரு கட்டளையும் அடிக்காதே. மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதே, பிள்ளை.

இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழி தோண்டுகிறவர்களை நீ பார்த்திருப்பாய். கீழே இருந்து வருகிற மாணிக்கச் சரளையை, இல்லம் என்பார்கள், அப்படியே ஒரு பக்கம் குவித்து வைப்பார்கள். வட்டிக் கூடையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத்தான் கழுவுவார்கள். குவியலின் மேல் நின்று யாரும் மிதிக்க விடமாட்டார்கள். உன் மூல டிஸ்க் அந்தக் குவியல். ஒரே தடவை முழுதாக வாசித்து ஒரு பெரிய கோப்பாக எடுத்து வைத்துவிட்டு, மூலத்தை உறையில் போட்டு மூடு. கழுவுவதெல்லாம் பிரதியில்.

ஜிஎன்யு டிடிரெஸ்கியூ என்ற இலவசப் புரோகிராம் இதற்கு நல்லது. வாசிக்க இலகுவான இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கஷ்டமான இடங்களைக் கடைசிக்கு விடும். எங்கே எது வந்தது, எது வரவில்லை என்று வரைபடக் கோப்பு ஒன்றில் எழுதிவைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடத்தைப் பிரதியோடு சேர்த்துப் பத்திரப்படுத்து. யுஎஸ்பி வயரால் இணைக்கும் சின்ன அடாப்டரை நம்பாதே. அவற்றில் பல, சிலிண்டர்-ஹெட்-செக்டர் எண்ணில் மட்டும் பேசத் தெரிந்த பழைய டிஸ்க்குகளை அடையாளமே காணாது. நீ டிஸ்க் செத்தது என்று நினைத்துவிடுவாய். ஐடிஇ துவாரம் உள்ள பழைய தாய்ப்பலகை ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள். ஒரு யுபிஎஸ் வை. மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பரைச் சரிபார்.

பிரதி எடுக்க ஓர் இரவு போகலாம். அந்த இரவில் வேறு ஒன்றும் செய்யாமல் காத்திருக்கப் பழகு. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இந்தத் தொழிலில் அது அப்படியே உண்மை.

7. சுழலாத டிஸ்க்கைத் தட்டாதே, குலுக்காதே, மூடியைத் திறக்காதே. பழைய குவாண்டம் டிஸ்க்குகள் சிலவற்றில் வாசிக்கும் தலை தங்குகிற இடத்து ரப்பர் ஈரத்தில் இளகிப் பசையாகிவிடும். தலை அதில் ஒட்டிக்கொள்ளும். திறந்து விடுவிக்கலாம் என்று கேள்விப்படுவாய். உன் கடையில் மின்விசிறி சுற்றும், வெளியே லொறி தூசி கிளப்பும். சுத்தமான அறை உள்ள இடத்துக்கு அனுப்பு. உன்னால் முடியாத இடம் எது என்று தெரிந்து, அதை அந்த ஆளிடம் நேராகச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

8. பிரதியிலும் ஒழுங்காக நட. பிரதியை இன்னொரு பிரதி எடுத்து அதில் வேலை செய். 86பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் பழைய பெட்டியை உருவாக்கி, பொருத்தமான டாஸ் பதிப்பைப் போட்டு, பிரதியை இரண்டாவது டிஸ்க்காக இணைத்துப் பார். ஸ்கேன்டிஸ்க் திருத்தத் தொடங்கும்போது மாற்றங்களை ஒரு பிளாப்பியில் எழுதவா என்று கேட்கும். எமுலேட்டரில் பிளாப்பிக்குச் செலவில்லை, ஆம் என்று சொல். செக்டிஸ்க்கைத் திருத்தும் கட்டளையோடு ஓட விடாதே. தொடர் அறுந்ததையெல்லாம் பெயரற்ற துண்டுகளாக்கிக் குவித்துவிடும். டிஃப்ராக்கை நினைக்கவே வேண்டாம். பதிப்பு 6.2 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், தொடங்கும்போது கன்ட்ரோலும் எஃப்5உம் சேர்த்து அழுத்தினால் சுருக்கியதை ஏற்றாமல் நிற்கும். உண்மையான டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று அமைதியாகப் பார்க்கலாம்.

டாஸ் திறக்க மறுத்தால் லினக்ஸுக்கு எழுதிய டிஎம்எஸ்டாஸ் என்ற பழைய கருவி உண்டு. டபுள்ஸ்பேஸ், டிரைவ்ஸ்பேஸ், ஸ்டாக்கர் மூன்றையும் அது படிக்கும். பழைய கெர்னலுக்கு எழுதியது; அதை ஓட வைக்கவே பொறுமை வேண்டும். அட்டவணையே போய்விட்டால், செக்டர் செக்டராகப் பார்த்து, டிஎஸ் அல்லது ஜேஎம் என்ற இரண்டெழுத்தில் தொடங்கும் கட்டுகளைத் தேடித் தனித்தனியாக விரிக்க வேண்டும். கோப்பின் பெயர் கிடைக்காது, வரிசை கிடைக்காது. வரி கிடைக்கும்.

இன்னுமொன்று, பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 3.1இன் நிரந்தர ஸ்வாப் கோப்பைச் சுருக்கிய டிஸ்க்கில் வைக்க முடியாது. ஆகவே அது வெளியே, உண்மையான டிஸ்க்கில், சுருக்காமல் கிடக்கும், 386எஸ்பார்ட்.பார் என்று பெயர். கடைசியாகத் திறந்திருந்த கடிதங்களின் துண்டுகள் அதில் சில வேளை அப்படியே இருக்கும். எல்லாம் போனது என்று நினைத்த ஒருவருக்கு, செத்துப் போன தகப்பன் எழுதி அனுப்பாமல் விட்ட கடிதத்தின் பாதி அதிலிருந்துதான் கிடைத்தது.

9. கிடைத்ததைத் திருத்தாதே. இது கருவியைப் பற்றியதல்ல, கவனமாகக் கேள். டிபேஸ் கோப்புகள் நல்லவை. ஒவ்வொரு பதிவும் ஒரே நீளம், வெறும் எழுத்து. நடுவில் கிழிந்தாலும் மிச்சத்தை எண்ணி வெட்டி வரிசையாக்கலாம். அப்படி வரிசையாக்கும்போது பெயர்கள் பிழையாக இருப்பதைப் பார்ப்பாய். மாரியாயி ஒரு மாதம் மாரியாய், இன்னொரு மாதம் மரியாய். பெருமாள் மகள் என்பது பெருமால் மகள். உனக்குத் தமிழ் தெரியும், கை துடிக்கும், சரி செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதே. தோட்டத்து ஆட்களின் சேமலாப நிதி ஆண்டுக்கணக்கில் இழுபடுவதற்கு, பதிவில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருப்பது ஒரு காரணம். அந்தப் பிழையான எழுத்துத்தான் பழைய சம்பளச் சீட்டோடு பொருந்துகிற ஒரே சாட்சி. நீ அழகாகத் திருத்திக் கொடுத்தால், இருந்த சாட்சியையும் அழித்தவனாவாய். எந்த எழுத்து இருந்ததோ அதையே கொடு. வாசிக்க முடியாத இடத்தில் ஊகித்து எழுதாதே, இடைவெளி விட்டு "இங்கே வாசிக்க முடியவில்லை" என்று குறி. எண்ணுக்கும் அதேதான். ஏழா ஒன்றா என்று தெரியாவிட்டால், தெரியாது என்று எழுது.

தமிழில் தட்டச்சு செய்த கோப்பு கிடைத்தால் முதலில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். குப்பை என்று அழித்துவிடாதே. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டுப் பார், அம்மன் கோவில் திருவிழா நோட்டீஸ் எழுந்து வரும். மாற்றியதைக் கொடுக்கும்போது மாற்றாத மூலத்தையும் சேர்த்துக் கொடு.

10. தேடாததைப் படிக்காதே. சங்கக் கூட்ட அறிக்கை, கடன் கணக்கு, வெளிநாடு போன மகளுக்கு எழுதியது, எல்லாம் உன் திரையில் ஓடும். கோப்பு திறக்கிறதா என்று பார்க்க முதல் சில வரி போதும். பார்த்ததை வீட்டில்கூடச் சொல்லாதே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அது வரமுன்பே இது மரியாதை. எம்பிலிப்பிட்டிய போன்ற சின்ன டவுனில் வாய் காவாத கடைக்கு இரண்டாவது ஆள் வரமாட்டார். வேலை முடிந்து, அவர் வீட்டில் திறந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகு உன்னிடமுள்ள பிரதியை என்ன செய்வது என்று அவரையே கேள். அழிக்கச் சொன்னால் அவர் முன்னாலேயே அழி.

தோட்ட வரலாறு, சங்கப் பத்திரிகை, நாடகப் பிரதி என்று பொதுவான ஏதாவது இருந்தால், 2005இலிருந்து தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிற நூலகம் நிறுவனத்தைப் பற்றி அவரிடம் சொல்லு. மலையக ஆவணங்களையும் அவர்கள் சேர்க்கிறார்கள். கொடுப்பதும் விடுவதும் அவர் விருப்பம். வற்புறுத்தாதே.

11. காசைப் பற்றி முதல் நாளே கதை. பார்ப்பதற்கு எவ்வளவு, மீட்டால் எவ்வளவு, மீட்காவிட்டால் எவ்வளவு என்று கடதாசியில் எழுதிக் கொடு. சிங்களம் மட்டும் தெரிந்தவருக்குச் சிங்களத்தில் எழுது. "தொண்ணூறு வீதம் வந்துவிட்டது" என்று சொல்லாதே. அவர் தேடியது மிச்சப் பத்தில் இருந்தால் அந்தத் தொண்ணூறை வைத்து அவர் என்ன செய்வார்? தேடிய கோப்பு வந்ததா, எந்த மாதங்கள் வந்தன, எவை வரவில்லை என்று சொல்லு. அந்தக் கிளாக்கருக்கு 94 முழுவதும் கிடைத்தது. 95இல் வைகாசி வரைக்கும்தான். கிடைத்ததை அச்செடுத்து, கிடைக்காத மாதங்களை அடியில் எழுதி, எந்த டிஸ்க்கிலிருந்து எந்தத் திகதியில் எடுத்தது என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். மிச்ச மாதங்களுக்குச் சம்பளச் சீட்டுகள் யாரிடமாவது இருக்கிறதா என்று அவர் லயம் லயமாகப் போய்க் கேட்கத் தொடங்கினார். தகரப் பெட்டிகளுக்குள் சில இருந்தன.

12. முடியாவிட்டால், முடியவில்லை என்று அன்றே சொல்லு. நாளை வா, மறுநாள் வா என்று இழுக்காதே. இறக்குவானையிலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும்போது ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றோடு நிலைமின் தடுக்கும் உறையில் போட்டுக் கொடு. நீ எடுத்த பிரதியையும், டிடிரெஸ்கியூ எழுதிய வரைபடத்தையும், லேபிளிலிருந்த மூன்று எண்களையும், என்னென்ன முயன்றாய் என்ற பட்டியலையும் கூட வை. எறிந்துவிடாமல் அலுமாரியில் வைக்கச் சொல்லு. உன்னைவிட நல்ல கருவியோடு ஒருவர் நாளை இந்த வேலையை எடுப்பார், அவர் நீ நின்ற இடத்திலிருந்து தொடங்கலாம்.